சுவரில் தொங்கும் பழந்துப்பாக்கி



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு, அந்தந்த ஊர்ப் பழம்பொருள்களின்மீது ஒரு தனி ஆசை பிறந்துவிடுவது இயல்பு. மொராதாபாத்துப் பித்தளைத் தட்டு, ஜெய்ப்பூரின் நீலப் பீங்கான், காஷ்மீரத்து அக்ரூட்டு மரச் செதுக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். இந்த வரிசையில் சிலர் உள்ளத்தைக் கவர்வது பழந்துப்பாக்கி. நண்பர் வீட்டுக் கூடத்தில் நீண்ட குழலும் தேய்ந்த மரக்கட்டையுமாக ஒன்று தொங்குவதைக் கண்டவுடன், இப்படி ஒன்று நம் வீட்டிலும் இருந்தால் எவ்வளவு அழகு என்று தோன்றுகிறது. "நூறாண்டுப் பழமை, இதற்கு உரிமம் எதற்கு?" என்று நண்பரும் ஊக்கம் தருகிறார்.

அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியோடு எங்களுக்கு ஏற்பட்ட பழக்கத்தை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறோம். இதில் நாங்கள் அஞ்சி நடுங்கிய ஒரு நாளும் உண்டு. மனம் நிறைந்த ஒரு நாளும் உண்டு.

முதலில் இத்துப்பாக்கி எவ்வகையது என்று காண்போம். இக்காலத் துப்பாக்கியில் தோட்டாவைப் பின்புறத்தில் செருகுகிறார்கள். பழந்துப்பாக்கியிலோ எல்லாம் வாய்வழியே நடைபெறும். கருமருந்தைக் குழலின் வாயில் கொட்டி, அதன்மேல் துணியோ காகிதமோ வைத்து, குண்டு அல்லது ரவைகளை இட்டு, மீண்டும் ஓர் அடைப்பு வைத்து, நீண்ட கோலால் அழுத்திக் கெட்டிக்க வேண்டும். நம் நாட்டுப்புறங்களில் இதனை நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். இமயமலைச் சாரலில் இதற்கு டோப்பிதார் பந்தூக் என்று பெயர். தொப்பி உடைய துப்பாக்கி என்பது பொருள். குழலின் அடிப்புறத்தில் துளையுள்ள சிறு முளை ஒன்று உண்டு. அதன் தலையில் செப்புத் தொப்பி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து தொப்பியின்மேல் விழும். தொப்பியிலுள்ள மருந்து பொறியாகித் துளை வழியே உள்ளே இறங்கிக் கருமருந்தைப் பற்றவைக்கும். தீபாவளிக்குக் குழந்தைகள் வைத்து விளையாடும் துப்பாக்கியில் கேப்பு வெடிக்கிறதல்லவா, அதே தத்துவந்தான். அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் பார்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார்.

எங்கள் கதையில் வரும் துப்பாக்கி கட்வால் மலைப் பகுதியில், பௌரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. அதற்கு உரியவர் எங்கள் அலுவலக நண்பரின் தந்தையார். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் கேழ்வரகும் கோதுமையும் விளைவித்தவர். இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கினால் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் அழிந்துவிடும். அவற்றை வெருட்டவே துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு வகை செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பெரியவர் காலமானார். காரியங்கள் முடிந்த பின்னர், கோடை விடுமுறையில் நண்பர் எங்களைக் குடும்பத்தோடு தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் பலர் சமவெளி நகரங்களுக்குப் போய்விட்டதால் அவ்வூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நண்பரின் தாயாரும் தம்பியும் மட்டும் நிலத்தைவிட்டு நகராமல் இருந்தார்கள். கூடத்துச் சுவரில், இரண்டு மர முளைகளின்மேல், அத்துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குச் சட்டச் சொற்களோடு நாள்தோறும் பழக்கம் என்பதால், தந்தையாரின் பழைய உரிமப் புத்தகத்தைப் படித்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும்படி நண்பர் கேட்டார். திண்ணையில் அமர்ந்து அப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே சிரிப்பொலி கேட்டது. எட்டிப் பார்த்தோம். எங்கள் மகன் துப்பாக்கியைக் கீழே இறக்கித் தன் தங்கையின் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். குதிரையை இழுத்து, விசையையும் அழுத்திவிட்டான். 'டக்' என்று இரும்பின் ஒலி. அவ்வளவுதான். குழந்தைகள் சிரித்தார்கள். நாங்கள் பதறி ஓடிப் பிடுங்கினோம். நண்பரின் தாயார், "அஞ்சாதீர்கள், மகனே! வெறுந்துப்பாக்கி. முப்பது வருஷமாக அதை யாரும் தொட்டதே இல்லை" என்றார். நாங்களும் அமைதியானோம்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், அவருடைய துப்பாக்கியை அவ்வில்லத்தார் தாமாகவே வைத்துக்கொள்ளுதல் கூடாது. காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற படைக்கல வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஆகவே நண்பர் காவல் நிலையத்துக்குத் தகவல் தந்து, அவர்கள் சொன்னபடி, டேராடூனில் உள்ள வணிகர் ஒருவரிடம் அதனை ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். நாங்களும் உடன் சென்றோம்.

அந்தக் கடையில் வயது முதிர்ந்த கம்மியர் ஒருவர் இருந்தார். துப்பாக்கியை வாங்கியவுடன் அவர் முதலில் செய்த வேலை எங்களுக்கு வியப்பாக இருந்தது. அதன் அழகைப் பார்க்கவில்லை; ஆண்டைப் பார்க்கவில்லை. வாய்ப்புறம் யார் பக்கமும் இராதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கோலை எடுத்துக் குழலுக்குள் மெல்ல இறக்கினார். கோல் நின்ற இடத்தில், குழல் வாயின் ஓரமாகச் சுண்ணக்கட்டியால் கோலில் ஒரு கோடு போட்டார். பிறகு கோலை வெளியே எடுத்து, அக்கோடு குழல் வாய்க்கு நேரே வரும்படி குழலின் வெளிப்புறத்தில் பக்கவாட்டில் வைத்தார். குழல் வெறுமையாக இருந்தால் கோலின் முனை அடிப்புறத்து முளை வரையில் எட்ட வேண்டும். அது மூன்று விரற்கடை குறைவாக நின்றது.

"பாபுஜி, இது நிறைந்திருக்கிறது" என்றார்.

நேயர்களே, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது எங்கள் கண்முன் நின்றது எங்கள் மகளின் சிரித்த முகந்தான். முளையின் தலையில் ஒரு சிறு செப்புத் தொப்பி இல்லை; அதனால் மட்டுமே அன்று அவள் பிழைத்தாள். அத்தொப்பிகள் அடங்கிய தகரப் பெட்டியோ அதே கூடத்து மாடத்தில், ஒரு சிறுவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

கம்மியர் முளையின் துளை வழியே எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் கோலின் முனையில் திருகுக் கம்பி ஒன்றைப் பூட்டி, உள்ளே செலுத்தித் திருகி இழுத்தார். முதலில் வந்தது காகித அடைப்பு. பிறகு குழலைக் கவிழ்த்ததும் ஈய ரவைகள் உதிர்ந்தன. அதன் பின் ஒரு துணிச் சுருள். கடைசியில் எண்ணெயில் ஊறிய கருமருந்து. துணியோடு ஒட்டிக்கொண்டு நனையாமல் வந்த ஒரு சிட்டிகை மருந்தைச் செங்கல்மேல் வைத்து, ஊதுபத்தியின் கங்கால் தொட்டார். 'புஸ்' என்று தீ எழுந்து வெண்புகை கிளம்பிற்று. "ஈரம் படாமல் இருந்தால் கருமருந்துக்கு மூப்பு இல்லை, பாபுஜி" என்றார்.

காகித அடைப்பை நண்பர் பிரித்துப் பார்த்தார். பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அதில் பதினேழாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது, அவருடைய எழுத்து. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எழுதியதாக இருக்க வேண்டும் என்றார். ஏதோ ஓர் இரவில் தந்தையார் பன்றிக்காகக் கெட்டித்துவைத்தார், அன்று பன்றி வரவில்லை, துப்பாக்கி சுவரேறிற்று. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நண்பர் அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பின்னர்தான் கம்மியர் துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். பூட்டுத் தகட்டில் ஒரு முடிச் சின்னமும், 'டவர்' என்ற சொல்லும், 1859 என்ற ஆண்டும் இருந்தன. 1853-ஆம் ஆண்டு அமைப்பைச் சேர்ந்த என்பீல்டு துப்பாக்கி போலவே வெளித்தோற்றம். அந்த என்பீல்டின் குழல் 39 அங்குல நீளம் உடையது, உட்புற விட்டம்.577 அங்குலம். உட்சுவரில் திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அடிப்புறம் குடைந்த நீள்குண்டு, மருந்து வெடித்தவுடன் விரிந்து அப்பள்ளங்களைக் கவ்விச் சுழன்றுகொண்டே வெளிப்படும். அதனால் குறி தப்பாமல் நெடுந்தொலைவு செல்லும். இவ்வாறு வரிப்பள்ளம் உடைய குழலுக்கே ரைபிள் என்று பெயர்.

இந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டாவே 1857-ஆம் ஆண்டில் நம் நாட்டு வரலாற்றைப் புரட்டியது. காகிதத்தில் மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சுற்றி, ஒரு முனையில் கொழுப்புத் தடவியிருந்தார்கள். சிப்பாய் அக்காகிதத்தைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமிலிருந்து பரவிற்று. கையால் கிழித்தாலே போதும் என்று பின்னர் விதி மாற்றியும் ஐயம் நீங்கவில்லை. ஏப்ரல் 24-ஆம் நாள் மீரட்டில் குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் கிளர்ந்தெழுந்தது. மே 11-ஆம் நாள் டில்லியின் வெடிமருந்துச் சாலையை ஆங்கிலேயர்களே தகர்த்தார்கள். டில்லி நேயர்கள் லோத்தியன் சாலையில் தபால் அலுவலகத்துக்கு அருகே பார்க்கும் பழைய வாயிற்கட்டடங்கள் அச்சாலையின் எச்சமே.

கிளர்ச்சி அடங்கிய பின் ஆங்கில அரசு ஒரு தந்திரம் செய்தது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்பீல்டைப் போலவே தோன்றும், ஆனால் வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. அதன் விட்டம் ஏறத்தாழ .65 அங்குலம். தொலைவுக்கேற்ப உயர்த்தும் ஏணிக் குறிக்கு மாறாக, அசையாத எளிய குறி மட்டும் உண்டு. இந்தியன் கையில் உள்ளது ஆங்கிலேயன் கையில் உள்ளதற்கு ஈடாகக் கூடாது என்பதே நோக்கம். நண்பரின் துப்பாக்கி அந்த இனத்தைச் சேர்ந்தது. "பார்ப்பவர் எல்லாரும் ரைபிள் என்பார்கள், உள்ளே விரலை விட்டால் வழுக்கும்" என்று கம்மியர் சிரித்தார். பழந்துப்பாக்கி வாங்க எண்ணுவோர் இதனையும் நினைவில் கொள்ள வேண்டும்: வெளித்தோற்றம் ஒன்று, உள்ளிருப்பது வேறு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நூறாண்டு கடந்த துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. அதற்கு அடிப்படை சட்டத்தின் 45-ஆம் பிரிவு. வழக்கொழிந்த வடிவத்தது, தொல்பொருள் மதிப்புடையது, பழுதுற்றது என்று மூவகைப் படைக்கலங்களை அது கூறி, அவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாததாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடர்ந்து வருகிறது. மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட நாங்கள் இத்தகைய வாக்கியங்களின் வாலைத்தான் முதலில் பார்ப்போம். பொருள் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். குழலில் ஒரு முறை மருந்து வெடிக்கச் செய்யக் கூடுமானால், அது எத்தனை பழமையானதாயினும் துப்பாக்கியே என்று கொண்டு நடப்பதே அறிவுடைமை. உரிமம் இன்றி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், குறைந்தது இரண்டு ஆண்டும் மிகுந்தால் ஐந்து ஆண்டும் சிறைத் தண்டனை உண்டு. பழம்பொருள் கடையில் ரசீது கொடுத்தார்கள் என்பது உரிமம் ஆகாது. அதனைப் படுக்கைச் சுருளில் சுற்றி ரயிலில் ஊருக்குக் கொண்டுபோவது பெருந்தவறு. தவிர, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது.

மரபுரிமையாக வரும் துப்பாக்கிக்கு நேர்வழி உண்டு. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் 25-ஆம் விதி, உரிமம் பெற்றவர் இறந்தால் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்க வகை செய்கிறது. அவர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் அதனை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம். நண்பர் டில்லியில் இருப்பவர். நிலத்தைக் காப்பவர் தம்பி. ஆகவே தம்பி பெயருக்கு விண்ணப்பம் எழுதினோம். தந்தையின் இறப்புச் சான்று, தாயாரும் அண்ணனும் தடையில்லை என்று கொடுத்த உறுதிமொழி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவற்றை இணைத்தோம். பதினொரு மாதம் அலைச்சல். நண்பருக்குப் பலமுறை பொறுமை போயிற்று. "பேசாமல் சுவரிலேயே விட்டிருக்கலாம்" என்று கூட ஒருநாள் சொன்னார். உடனே தாமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உரிமம் வந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்குமுன், கம்மியர் குழலின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்து, முளையைப் புதிதாக மாற்றினார். பின்னர் அதை ஒரு மரச்சட்டத்தில் கட்டி, மறைவில் நின்று, விசையில் கட்டிய நீண்ட கயிற்றை இழுத்து இருமுறை வெடித்துச் சோதித்தார். குழல் தாங்கிற்று. இச்சோதனை செய்யாமல் எந்தப் பழந்துப்பாக்கியையும் தோளில் வைத்தல் ஆகாது.

அவ்வாண்டு கோதுமை முற்றும் பருவத்தில் மீண்டும் மலைக்குச் சென்றோம். அந்தி சாய்ந்ததும் தம்பி மேட்டு வயலில் நின்றார். பன்றியைக் கொல்வது நோக்கமன்று, வெருட்டுவதே நோக்கம். ஆகவே மருந்தும் அடைப்பும் மட்டுமே, ரவை இல்லை. முதலில் கோலை இறக்கி வெறுமையைச் சோதித்தார். வெறுந்தொப்பி ஒன்றை வெடித்து, துளையில் அடைப்பில்லை என்று அறிந்தார். மருந்துக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டாமல், தனி அளவையில் அளந்து கொட்டினார். முன்வெடியின் கங்கு உள்ளே கிடந்தால் குப்பி முழுவதும் கையிலேயே வெடிக்கும் அல்லவா? அடைப்பை அடிவரை அழுத்தினார். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் பிளக்கக் கூடும். கோலை வெளியே எடுத்தார். எல்லாம் முடிந்த பின்பே, கடைசியாக, தொப்பியைக் கவிழ்த்தார்.

முதல் முறை தொப்பி மட்டும் வெடித்தது, மருந்து பற்றவில்லை. அவர் அசையவில்லை. வாய்ப்புறத்தை வானத்தை நோக்கியே பிடித்தபடி இரண்டு நிமிடங்களுக்கு மேல் நின்றார். மருந்து தாமதித்தும் வெடிக்கும் என்பது பயிற்சியில் கற்ற பாடம். பிறகு வேறு தொப்பி வைத்து விசையை அழுத்தினார். அடிவயிற்றில் இறங்குவது போன்ற ஓர் ஆழ்ந்த முழக்கம். எதிர்மலை அதனைத் திருப்பிச் சொல்லிற்று. வெண்புகை முகில்போல் வயல்மேல் தவழ்ந்தது. கந்தக மணம் பரவிற்று. கீழ்க்காட்டில் ஏதோ கூட்டம் சரசரவென்று ஓடும் ஒலி கேட்டது.

கருமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுத்து ஓரிரவிலேயே இரும்பை அரிக்கும். எனவே அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். தம்பி வாசலில் வந்து அமருமுன்பே அவருடைய தாயார் கொதிக்கும் நீரைக் கொண்டுவந்து வைத்தார். யாரும் கேட்கவில்லை. "சத்தம் கேட்டால் அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று உன் அப்பா சொல்லுவார்" என்றார்.

இப்போது அத்துப்பாக்கி சுவரில் இல்லை. பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மருந்து ஓரிடம், தொப்பிகள் வேறோரிடம். மருந்தையும் உரிமம் பெற்ற கடையிலேயே வாங்குகிறார்கள். பட்டாசைப் பிரித்தெடுத்த மருந்தையோ, புதிய தோட்டாவின் புகையில்லா மருந்தையோ இட்டால் பழங்குழல் வெடித்துச் சிதறும் என்பதைத் தம்பி தம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ, நண்பர் வீட்டிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டிலோ ஒரு பழந்துப்பாக்கி தொங்குமாயின், வெறுந்துப்பாக்கி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை, மறந்திருக்கிறார். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, அதனைத் தொடாமல், காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற வணிகருக்கோ சொல்லி அனுப்புங்கள். முன்னோர் பொருளைப் போற்றுவது நம் பண்பு. அதற்குள் அவர் என்ன விட்டுச் சென்றார் என்பதை முதலில் அறிந்துகொள்வதும் அப்போற்றுதலில் அடங்கும்.